மொழியியலில் முதுகலை: பிரிட்டனா, ஜெர்மனியா, இந்தியாவா, இல்லை இங்கேயேவா?

மொழியியலில் முதுகலை படிக்கலாம் என்று யோசிக்கும் மலேசியத் தமிழர்கள் முதலில் கேட்பது “எந்த நாடு நல்லது?” என்பதைத்தான். இளங்கலையின் கடைசிப் பருவத்தில் இருக்கும் மாணவர்களும் அதைக் கேட்கிறார்கள், சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு மேலே படிக்க விரும்பும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அதையே கேட்கிறார்கள். நாட்டை விட்டுவிட்டு வேறு மூன்றைக் கேட்டுக்கொண்டால் பதில் சீக்கிரம் வரும். ஓராண்டுப் படிப்பா, ஈராண்டுப் படிப்பா? மொழியியலில் எந்தக் கிளை? உங்கள் ஆய்வேட்டைப் படித்துத் திருத்தப்போகிறவர் யார்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இளங்கலையிலேயே ஒலியியல் (பேச்சொலிகளின் ஆய்வு), தொடரியல் (வாக்கிய அமைப்பின் ஆய்வு) என்று நான்கைந்து பாடங்களை ஒழுங்காகப் படித்தவருக்கு, உபகாரச் சம்பளமும் கிடைத்தால், பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பு நல்லது. தமிழ் இலக்கியமோ ஆங்கிலம் கற்பித்தலோ படித்துவிட்டு இப்போதுதான் மொழியியல் பக்கம் திரும்புகிறவருக்கு அந்த ஓராண்டு போதாது. அவருக்கு ஜெர்மனி அல்லது இந்தியாவின் ஈராண்டுப் படிப்புதான் சரி. அரசாங்க வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் முதுகலையைக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு வெளியே போவதைத் தயங்காமல் யோசிக்கலாம். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம். பண விவரங்கள் 2025 இறுதி நிலவரப்படி தரப்பட்டுள்ளன. விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

நாடு எதுவானாலும், சேர்க்கைக் குழு முதலில் தேடுவது உங்கள் பட்டியலில் மொழியியல் பாடங்கள் எத்தனை என்பதைத்தான். மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் புள்ளி ஒன்று 25 முதல் 30 மணி நேரம். ஆங்கிலம் கற்பித்தல் படித்த ஒருவர் மொழியியல் அறிமுகம், ஒலியியல், தொடரியல், சமூக மொழியியல், உரையாடல் ஆய்வு என்று மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்து எடுத்திருந்தால் 15 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். ஐரோப்பியக் கணக்கில் அது 20 முதல் 24 புள்ளி. ஜெர்மன் பல்கலைக்கழகம் 30 புள்ளி கேட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். கடைசிப் பருவத்தில் விருப்பப் பாடமாக இன்னும் இரண்டு மூன்று மொழியியல் பாடங்களை எடுத்துவிட்டால் தீரும் குறை இது. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால் எளிதில் தீராது.

தமிழ்த் துறை மாணவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை முழுப் பருவமும் படித்தவர் ஒலிகளின் பிறப்பிடம், சேர்க்கை, சந்தி மாற்றம் அனைத்தையும் படித்திருக்கிறார். ஒலியனியலின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். ஆனால் பட்டியலில் “இலக்கணம் 2” என்று மட்டும் இருந்தால் எடின்பரோவிலோ கொலோனிலோ உட்கார்ந்திருப்பவருக்கு அது புரிய வாய்ப்பில்லை. பாடத்திட்டத்தை வாரவாரியாக, எந்த வாரம் எந்தக் கருத்து என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இணையுங்கள். பட்டியல் மலாயில் இருந்தால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பல்கலைக்கழகமே ஆங்கிலப் பட்டியல் தருமானால் அதை வாங்குவதே மேல்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வகுப்பறையில் ஆங்கிலத்தையோ தமிழையோ இன்னும் நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பது நோக்கமானால் நீங்கள் தேட வேண்டியது பயன்பாட்டு மொழியியல் அல்லது மொழி கற்பித்தல். பொது மொழியியலில் முதல் பருவம் முழுக்க வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் மர வரைபடமும் ஒலிக்குறியுமாகத்தான் போகும். பேச்சுச் சிகிச்சையாளர் ஆகவேண்டும் என்ற நோக்கில் மொழியியல் முதுகலைக்குப் போவதும் தவறு. மலேசியாவில் அந்தத் தொழில் 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குத் தனித் தொழிற்பட்டம் தேவை. ஐரோப்பாவில் மருத்துவமனை சார்ந்த மொழியியல் படித்தாலும் அது இங்கே உரிமமாக ஆகாது.

பிரிட்டன்: பன்னிரண்டு மாதம், பெரிய செலவு

பிரிட்டனில் முதுகலை 180 புள்ளி. அதில் பெரும்பாலும் 60 புள்ளி ஆய்வேட்டுக்கு. செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டு கடைசியில் ஆய்வேடு கொடுத்து முடிக்க வேண்டும். வகுப்பு நடப்பது இரண்டு பருவத்தில் சேர்த்து 20 முதல் 22 வாரம்தான். அதற்குள் அடிப்படையும் சிறப்புப் பாடமும் ஆய்வு முறையும் முடிந்தாக வேண்டும். முதல் ஒலியியல் பயிற்சியை மூன்றாவது நான்காவது வாரத்திலேயே கேட்பார்கள். அனைத்துலக ஒலிக்குறிகளை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவர் அந்த இடத்திலேயே பின்தங்குகிறார். பிறகு எட்டிப் பிடிக்க நாள் கிடையாது.

பெரும்பாலோர் தடுமாறுவது ஆய்வேட்டின் கால அட்டவணையில்தான். ஒருவர் பினாங்குத் தமிழர்களின் பேச்சை ஜூன் மாதம் பதிவு செய்ய ஊர் திரும்ப நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களிடம் தரவு வாங்குவதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு அனுமதி தர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே படிவம் மார்ச்சில் போயிருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் மலாயிலும் தயாராக இருக்க வேண்டும். கேள்விப் பட்டியலும் கூடவே கேட்பார்கள். மார்ச்சில் இவையெல்லாம் தயாராக இருக்க வேண்டுமானால் தலைப்பு ஜனவரியில் முடிவாகியிருக்க வேண்டும். ஜனவரியில் அவர் படித்து முடித்திருப்பதோ ஒரே ஒரு பருவம். இதனால்தான் பலர் களப்பணியைக் கைவிட்டு, கிடைக்கும் தரவுத் தொகுப்பை வைத்து ஏதோ ஒரு தலைப்பில் எழுதிவிட்டு வருகிறார்கள். களப்பணியில் நாட்டம் உள்ளவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். கட்டணம் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து 20,000 பவுண்டிலிருந்து 30,000க்கும் மேல் போகும். நடுவாக 25,000 என்று கொள்வோம். விசா விதி லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வாழ்க்கைச் செலவு என்று கணக்கிடுகிறது (லண்டனில் 1,529). பன்னிரண்டு மாதத்துக்கு அது 14,000. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776. படிப்பு ஓராண்டு என்றாலும் விசா அதற்கு மேலும் சில மாதம் செல்லும் என்பதால் ஒன்றரை ஆண்டுக் கட்டணமாக 1,164 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. விசாக் கட்டணம் 500க்கு மேல். மொத்தம் 40,000 பவுண்டைத் தாண்டுகிறது. பவுண்டுக்கு ஐந்தரை ரிங்கிட் என்றால் 225,000 ரிங்கிட். கடன் வாங்கி மொழியியல் படிக்க இது மிகப் பெரிய தொகை என்பதே என் உறுதியான கருத்து.

மலேசியர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பிரிட்டனின் மாணவர் விசா விதியில் மலேசியா எளிய ஆவண நடைமுறைப் பட்டியலில் இருக்கிறது. வங்கி அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் காட்ட வேண்டும், ஆகவே பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்தாக வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது ஆறு மாதம் செல்லும்.

பிரிட்டன் அரசாங்கத்தின் சீவ்னிங் உபகாரச் சம்பளம் கிடைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். கட்டணம், மாதப் படி, விமானச் செலவு எல்லாம் அதில் அடங்கும். பட்டத்துக்குப் பிறகு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். அதாவது, படிக்கப் போவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னால். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். “மொழியியல் பிடிக்கும்” என்று எழுதுபவருக்கு இது கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளிப் பாடநூல், நீதிமன்ற மொழிபெயர்ப்பு, பேச்சுத் தொழில்நுட்பம் என்று திரும்பி வந்து எதைச் செய்யப்போகிறார் என்று எழுதுபவரைத்தான் நேர்காணலுக்கு அழைப்பார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம்? எடின்பரோவில் மொழியியலின் கிளைகள் பலவற்றைப் படிக்கலாம். குரல் ஆய்வை நீதிமன்றச் சான்றாகப் பயன்படுத்தும் தடயவியல் பேச்சியலுக்கு யார்க், பெரும் தரவுத் தொகுப்பு ஆய்வுக்கு லங்காஸ்டர். ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக்கான லண்டன் சோவாஸ் கல்லூரியின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அழியும் மொழிகளின் ஆவணக் காப்பகமும் அதோடு இணைந்த நிதித் திட்டமும் 2021இல் அங்கிருந்து பெர்லினுக்குப் போய்விட்டன. பிரிட்டனில் கலைத் துறைகளில் ஆட்குறைப்பும் நடந்துவருகிறது. பழைய பெயரை நம்பாமல், துறையின் பக்கத்தில் இந்த ஆண்டு யார் இருக்கிறார்கள், யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

படித்த பிறகு வேலை தேடத் தரும் விசா இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகிறது.

ஜெர்மனி: கட்டணம் இல்லை, பொறுமை வேண்டும்

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் விதிவிலக்கு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். டூபிங்கனும் கொன்ஸ்டன்ஸும் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஜார்லாண்டு, பொட்ஸ்டாம், லைப்சிக் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

படிப்பு 120 புள்ளி, நான்கு பருவம். கடைசிப் பருவம் முழுக்க ஆய்வேட்டுக்கே. இந்த ஒன்றுக்காகவே புதிதாக வருகிறவருக்கு ஜெர்மனி நல்லது. முதலாண்டில் அடிப்படை, மூன்றாம் பருவத்தில் சிறப்புப் பாடம், இடைவிடுமுறையில் ஊருக்கு வந்து தரவு சேகரிப்பு என்று நிதானமாகப் போகலாம். கணினி மொழியியல் படிக்க விரும்புவோர் டூபிங்கனின் கணினி மொழியியல் முதுகலையையும் ஜார்லாண்டின் மொழி அறிவியல்-தொழில்நுட்ப முதுகலையையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஆங்கில வழி. பைத்தான் நிரலாக்கமும் நிகழ்தகவுக் கணக்கும் தெரியாமல் போனால் முதல் பருவமே கடினம்.

இந்தக் கிளையில் தமிழருக்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. “வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்” என்று நாம் ஒரே சொல்லாக எழுதுகிறோம். அதற்குள் வினை, எச்ச விகுதி, துணைவினைகள், பெயரெச்சம், அவர், பன்மை, வேற்றுமை, தேற்றம் எல்லாம் அடுக்கி நிற்கின்றன. ஆங்கிலத்தை நினைத்துச் செய்த கருவி இதை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வெட்டும். எங்கே வெட்டினால் பொருள் சிதையாது என்று சொல்ல, இலக்கணமும் தெரிந்து நிரலும் எழுதத் தெரிந்தவர் வேண்டும்.

நுழைவுக்கு ஜெர்மானியர் பயன்படுத்தும் மதிப்பெண் மாற்றத்தை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். அங்கே 1.0 உயர்ந்தது, 4.0 தேர்ச்சி. மலேசியப் பட்டத்தின் உச்சம் 4.0, தேர்ச்சி 2.0 என்றால், உச்சத்திலிருந்து உங்கள் சி.ஜி.பி.ஏ.வைக் கழித்து, 2.0ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 3.2 எடுத்தவருக்கு 0.8 கழிவு, வகுத்தால் 0.4, பெருக்கினால் 1.2, கூட்டினால் 2.2. 3.0 எடுத்தவருக்குச் சரியாக 2.5. பல படிப்புகள் கோடு போடுவது இந்த 2.5இல்தான், ஆகவே 3.0க்குக் கீழே உள்ளவர்கள் அத்தகைய எல்லை இல்லாத படிப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் குறைந்தபட்சத் தேர்ச்சி எது என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்னும் பொது விண்ணப்பச் சேவையின் வழியாக ஆவணங்களைப் பெறுகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் என்னும் கல்விச் சான்று சரிபார்ப்புச் சான்றிதழ் மலேசியர்களுக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டு மாணவர்கள் எழுதும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இதற்காக அலைய வேண்டாம்.

பணம் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. விசாவுக்கு முன் ‘ஸ்பெர்கொன்டோ’ என்னும் முடக்குக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். இரண்டு ஆண்டுக்கு 23,808 யூரோ. யூரோவுக்கு 4.80 ரிங்கிட் என்றால் 114,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். பிரிட்டனின் ஓராண்டுச் செலவில் பாதிதான், அதுவும் இரண்டு ஆண்டுக்கு. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். துறையிலேயே மாணவ உதவியாளராகச் சேர்ந்தால் செலவும் குறையும், பேராசிரியரின் பழக்கமும் கிடைக்கும். ஆனால் நான்கு பருவத்தில் முடிக்காமல் ஐந்தாவதுக்குப் போகிறவர்கள் நிறைய. அந்த ஆறு மாதப் பணத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

போய் இறங்கும் முதல் மாதம்தான் அதிகம் வருத்தும். முகவரியைப் பதிய வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். வங்கிக் கணக்குக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். வங்கிக் கணக்கு இருந்தால்தான் முடக்குக் கணக்கிலிருந்து மாதப் பணம் வரும். வீடு கிடைக்கத் தாமதமானால் அத்தனையும் தாமதம். கையில் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15. பல ஆங்கில வழிப் படிப்புகள் அதற்கு முன்பே மூடிவிடும். கடிதம் ஆகஸ்டில் வந்து, வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கும்போது விசாவுக்கு இருப்பது சில வாரம்தான். ஆகவே, முன்னதாக முடிவு சொல்லும் படிப்புகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

குறை என்னவென்றால், தமிழ் இலக்கணம் தெரிந்த மேற்பார்வையாளர் கிடைப்பது அரிது. முறையை அங்கே கற்கலாம். தமிழ்த் தரவைச் சரிபார்க்க வேறொருவர் வேண்டும்.

இந்தியா: தமிழே பாடமாகும் இடம்

தமிழையும் அதன் உறவு மொழிகளையும் ஆராய நினைப்பவர் இந்தியாவை விலை மலிவு என்பதற்காக மட்டும் பார்க்கக் கூடாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் திராவிட மொழிகளை விவரிப்பதில் நீண்ட மரபு உடையது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியலும் மொழிபெயர்ப்பியலும் ஒரே மையத்தில் இருக்கின்றன. தொடரியல் கோட்பாட்டில் ஆழம் வேண்டுமென்றால் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். வரலாற்று மொழியியலுக்குப் புனே டெக்கான் கல்லூரி. வகுப்பறையில் தெலுங்கு, மலையாளம், கன்னடம், துளு பேசும் மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பிலக்கணம் படிப்பவருக்கு இதைவிட நல்ல சூழல் வேறெங்கும் அமையாது.

ஈராண்டுப் படிப்பின் மொத்தச் செலவு பிரிட்டனின் சில மாதச் செலவுக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணமும் தனிச் சேர்க்கை வழியும் உண்டு. இந்திய அரசாங்கத்தின் ஐசிசிஆர் உபகாரச் சம்பளத்துக்கு மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆனால் 2021 அறிவிக்கைப்படி ஆய்வு செய்வதற்கு அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆய்வேட்டோடு கூடிய படிப்பில் சேரும்போதே பல்கலைக்கழகத்தில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடிக்க வேண்டும். அதற்கு விடுதியின் சான்றுக் கடிதமும் வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

இங்கே தவறுவது இரண்டு இடத்தில். சில முதுகலைகளில் ஆய்வேடு கட்டாயமில்லை, தேர்வு எழுதியே முடித்துவிடலாம். பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முதலில் கேட்பது நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத்தான். கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மதிப்பெண் பட்டியல். நாடு திரும்பிய பிறகு முத்திரையிட்ட உறையில் அதை வரவழைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னரே நான்கைந்து படிகள் வாங்கிவிடுங்கள்.

அரசாங்க வேலையில் பதவி உயர்வுக்காகப் படிப்பவர் சேருவதற்கு முன் மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனமான எம்.கியூ.ஏ.வில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இது இந்தியாவுக்கு மட்டும் அல்ல, எல்லா நாட்டுக்கும் பொருந்தும். தொலைக்கல்வி வழிப் பட்டங்களில் கூடுதல் கவனம் தேவை.

மற்றவை, சுருக்கமாக

நெதர்லாந்தில் லைடன் மொழி விவரணையிலும் மலாய்-இந்தோனேசிய உலகின் மொழிகளிலும் பேர்பெற்றது. நைமேகனில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டு நகரங்களும் தரமானவைதான். ஆனால் நமக்குக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோ அளவில் வரும், கல்லூரி உதவித்தொகை இல்லாமல் கட்டுப்படியாகாது. ஆஸ்திரேலியாவில் களப்பணி மரபு வலுவானது. விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், படிப்புக் கட்டணம் அதற்கேற்ப. சிங்கப்பூரில் என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ஆய்வு வழி முதுகலை உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, ஊரும் பக்கம். மேற்பார்வையாளர் முன்வந்தால் மட்டும் போகலாம். அமெரிக்காவில் முதுகலைக்கு நிதி அரிது, முனைவர் பட்டத்துக்கு உண்டு. இளங்கலை முடித்தவரே நேராக அதற்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைகளில் (பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துபவை) அகராதியியல், மொழித் தொழில்நுட்பம், மருத்துவ மொழியியல் ஆகியவை நம் துறைக்கு நெருக்கம். தேர்வானவருக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வரும். எல்லாக் கூட்டுப் படிப்புக்கும் எல்லா ஆண்டும் இந்த நிதி இருப்பதில்லை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஜனவரிக்குள் கொடுக்கும்படி தயாராகுங்கள்.

இங்கேயே படித்தால் என்ன?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மொழிகள், மொழியியல் புலம் இருக்கிறது. இந்திய ஆய்வியல் துறை வேறாக இயங்குகிறது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் மொழித் துறைகள் உள்ளன. செலவு வெளிநாட்டுக் கட்டணத்தில் மிகச் சிறிய பங்கே. ஊழியர் சேமநிதியின் செஜாதெரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் இது பொருந்தும். ஆசிரியர்களுக்குக் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளமும் படிப்பு விடுப்பும் உண்டு. பிணை ஒப்பந்தத்தின் ஆண்டுகளைக் கையெழுத்திடும் முன் எண்ணிப் பாருங்கள்.

இங்கே செய்யும் பெரிய தவறு, அடிப்படை இல்லாமல் முழு ஆய்வு வழியில் சேர்வது. அதில் வகுப்பே அநேகமாகக் கிடையாது. ஒலியியலும் தொடரியலும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஆய்வேடு எழுத உட்கார வேண்டிவரும். பாட வழியையோ கலப்பு வழியையோ எடுங்கள்.

தரவு வாசலிலேயே கிடப்பது இங்குள்ள பலம். “தாப்பாவ் பண்ணு”, “போத்தோங் பண்ணு” என்று நம் ஊரில் மலாய், சீனச் சொற்களோடு “பண்ணு” சேர்த்து வினையாக்குவது பேச்சில் எந்த வயதினரிடம், எந்தச் சூழலில் எவ்வளவு வருகிறது என்று ஒழுங்காகப் பதிவு செய்தால் நல்ல ஆய்வேடு ஆகும். மலாக்கா செட்டிகளின் மலாய், பினாங்கு ஹொக்கியன் சூழலில் வளர்ந்த தமிழர் பேச்சு, செமாய், தெமியார், ஜஹாய் போன்ற ஒராங் அஸ்லி மொழிகள் என்று விரிந்த களம் இது. ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளின் ஊர்களில் ஆய்வு செய்ய, அவர்களுக்கான அரசாங்கத் துறையான ஜக்கோவாவின் அனுமதி முதலில் வேண்டும். வெளிநாட்டில் படித்தாலும் இந்தத் தரவோடு போகிறவருக்குத்தான் மேற்பார்வையாளர்கள் கதவைத் திறக்கிறார்கள்.

காலமும் பெயரும்

அடுத்த ஆண்டு செப்டம்பரில் போக நினைத்தால் இந்த ஆண்டு ஜூலையில் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை எழுதுங்கள். மொழியியலுக்குப் பெரும்பாலும் மொத்தம் 7.0 கேட்பார்கள், எழுத்துத் தேர்வில்தான் பலர் 6.5இல் தங்கிவிடுகிறார்கள். மறுபடி எழுத இரண்டு மாதம் மிச்சமிருக்கட்டும். முடிவு இரண்டு ஆண்டு செல்லும். மலேசியாவின் மூவெட் ஆங்கிலத் தேர்வை எல்லா இடமும் ஏற்பதில்லை. ஆகஸ்டு, செப்டம்பரில் சீவ்னிங். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரிட்டன், எராஸ்மஸ் விண்ணப்பங்கள். ஜனவரி முதல் மே வரை ஜெர்மனி, இந்தியா. பரிந்துரைக் கடிதம் எழுதும் விரிவுரையாளருக்கு ஆறு வாரம் கொடுங்கள். உங்கள் நோக்க உரையையும் ஒரு நல்ல கட்டுரையையும் சேர்த்து அனுப்புங்கள், பொதுவான புகழுரைக்குப் பதில் குறிப்பான கடிதம் வரும்.

கடைசியாக, நம்மவருக்கே உரிய பெயர்ச் சிக்கல். மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் தனியாக இல்லை. “கவிதா ஏ/பி முருகன்” என்று முழுவதும் ஒரே வரியில் இருக்கும். இணையப் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும், சாய்கோட்டை ஏற்காது. ஒரு படிவத்தில் “முருகன்” குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் “ஏபி முருகன்” என்றும், தேர்வுச் சான்றிதழில் “கவிதா” மட்டுமாகவும் போய்விட்டால், மூன்றும் ஒரே ஆள் என்று நிறுவச் சத்தியப் பிரமாணம் எழுத வேண்டியிருக்கும். முதலில் ஐஈஎல்டிஎஸ் பதிவைக் கடப்பிதழில் உள்ளபடி செய்யுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு படிவத்திலும் அதே பிரிப்பைப் பின்பற்றுங்கள். பல்கலைக்கழகம் சேர்க்கைக் கடிதத்தில் பெயரை வேறுவிதமாக அச்சிட்டால், விசாவுக்கான உறுதிக் கடிதத்தை அவர்கள் வெளியிடும் முன்பே மின்னஞ்சல் அனுப்பித் திருத்திக்கொள்ளுங்கள்.